அரைக் கட்டை மேலே

நீங்கள் அனுப்பிய கடிதத்தில் என் வீட்டு எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தீர்கள். பதினேழுக்குப் பதில் எழுபத்தொன்று. தபால்காரருக்கு என்னைத் தெரியும் என்பதால் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனிதர்கள் கையால் எழுதும்போது இப்படி ஆவது சகஜம். அதனால்தான் நம் இசைக்குழுவுக்கு நோட்ஸ் எழுதும் வேலையை நான் மென்பொருளிடம் ஒப்படைத்தேன்.

மண்டபத் திறப்பு விழாக் கச்சேரியில் முதல் கிளாரினெட்டுக்குக் கொடுத்த நோட்ஸ் தாளில் பிழை இருந்திருக்கிறது, அதை எழுதியது செயற்கை நுண்ணறிவு மென்பொருள் என்பதால் என்னை அதிகம் குறை சொல்வதற்கில்லை, இனி பழையபடி கையால் எழுதினால் போதும் என்று தலைவர், செயலாளர், மாஸ்டர் மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பெருந்தன்மையான கடிதம். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "அப்பாடா, இதோட விட்டாங்களே. நன்றின்னு ஒரு வரி எழுதிப் போட்டுடுங்க" என்றாள். அவள் சொன்னதைச் செய்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு வரியோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. அன்றைய தாளில் பிழையே கிடையாது. ஒத்திகை தொடங்கிப் பத்து வாரத்தில் முதல் கிளாரினெட்டுக்குப் போன ஒரே சரியான தாள் அதுதான்.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். கடைகளில் இருக்கும் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைப்பவன் நான். இருபத்தாறு வருடமாக என் முத்திரை மேல் ஒரு புகார் வந்ததில்லை. செய்யாத பிழைக்கு மன்னிப்பு வாங்கிக்கொள்வது எனக்குச் சரிப்பட்டு வராது. ஆகவே செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் கிளாரினெட் வாசிப்பவர் என் சகலை. அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் என்பது உங்கள் மூவருக்கும் தெரியும் என்றாலும் இது கோப்பில் இருக்கப்போகிற தாள் என்பதால் எழுதிவைக்கிறேன். இரண்டாவது கிளாரினெட் நான். இருபது வருடமாக அவருக்கு இடது பக்கத்து நாற்காலி என்னுடையது. இந்த இருபது வருடத்தில் அவர் என் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. மிகைப்படுத்தவில்லை. ஒருமுறை என் நோட்ஸ் தாங்கி சரிந்து தாள் எல்லாம் அவர் மடியில் கொட்டியது. அப்போதும் மாஸ்டரைப் பார்த்தபடியே தாள்களை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

அவர் மேல் எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. மாமியார் வீட்டில் எல்லோரும் கூடும்போது அவரை வாசிக்கச் சொல்வார்கள். தாள் பறக்கும் என்று மின்விசிறியை அணைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. வாசித்து முடித்ததும் திரும்பப் போடுவதும் நான்தான். ஒருமுறை, நானும் கிளாரினெட் வாசிப்பவன்தானே என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "நீங்களும் வாசிப்பீங்களா மாப்ளே?" என்று மாமியார் ஆச்சரியப்பட்டார். அப்போது எனக்குத் திருமணமாகி ஒன்பது வருடம்.

சகலைக்குச் சொந்தமாக மருந்துக்கடை. டாக்டரின் கோழிக் கிறுக்கலை எழுத்துக்கூட்டாமல் படிப்பார். சீட்டில் அரை மாத்திரை என்றிருந்தால் அரை மாத்திரைதான். டாக்டரே நேரில் வந்து ஒன்று கொடுக்கச் சொன்னாலும் எழுதித் தந்தால்தான் கொடுப்பார். இசையிலும் அப்படித்தான். "தாள்ல என்ன இருக்கோ அதை வாசிக்கணும். அதுக்கு மேல மூளையை உபயோகிக்கிறவன் வீட்ல உக்காந்து விசிலடிக்கலாம்" என்பார். போன வருடம் நான் கையால் எழுதிய தாளில் ஒரே ஒரு சுரம் கோட்டுக்கு மேலே போக வேண்டியது கீழே போய்விட்டது. அவர் அதை அப்படியே வாசித்தார். மாஸ்டர் நிறுத்தினார். சகலை எழுந்து நின்று, அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, இருபத்திரண்டு பேருக்கும் தெரியும்படி ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டினார். என் பக்கம் வந்ததும் மட்டும் தாவிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மென்பொருள் வந்தது. நான் அதற்குக் குமாஸ்தா என்று பெயர் வைத்தேன். அருமையான வேலைக்காரன். மெட்டை ஒருமுறை கொடுத்து, என்னென்ன வாத்தியம் இருக்கிறது என்று சொன்னால் போதும். வயலினுக்கு அதற்கு ஏற்றபடி, ட்ரம்பெட்டுக்கு மூச்சு வாங்க இடம்விட்டு, செல்லோவுக்குக் கை எட்டுகிற தூரத்தில், தனித்தனியாக எழுதித் தரும். நான் நான்கு நாள் குனிந்து எழுதி முதுகு பிடித்துக்கொண்ட வேலையை ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். சந்தேகம் வந்தால் மரியாதையாகக் கேட்கும். இந்தக் குழுவில் என்னிடம் சந்தேகம் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். கிளாரினெட்டில் இரண்டு வகை உண்டு. நம் குழுவில் இருப்பவை பி ஃபிளாட் வகை. இன்னொன்று ஏ வகை. அது அரைக் கட்டை தாழ்ந்து ஒலிக்கும். ஆகவே அதற்கு எழுதும் தாளில் எல்லாச் சுரங்களும் அரைக் கட்டை ஏற்றி எழுதப்பட்டிருக்கும். ஏ வகைக்கான தாளை நம் கிளாரினெட்டில் வைத்து வாசித்தால், வாசிப்பவர் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் மற்றவர்களைவிட அரைக் கட்டை மேலே கேட்கும். தனியாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. கூட்டத்தோடு வாசித்தால் பல் கூசும். தலைவர் பல் மருத்துவர் என்பதால் அந்தக் கூச்சம் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

விழா ஒத்திகையின் முதல் வாரம் நடந்தது சத்தியமாகத் தற்செயல். பட்டியலில் இரண்டு வகையும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. விரல் ஒரு வரி வழுக்கிவிட்டது. குமாஸ்தா கேட்டது: "முதல் கிளாரினெட்டுக்கு ஏ வகைத் தாள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு பி ஃபிளாட். இது சரிதானா?" நான் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் சரி என்று போட்டுவிட்டேன். பொதுவாகவே சரி என்று சொல்கிறவன் நான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நூலக மாடியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். புது மெட்டு, நடுவில் முதல் கிளாரினெட்டுக்கு மட்டும் பதினாறு வரி தனி வாசிப்பு, பின்னால் எல்லோரும் மெல்லிசாகத் துணை. மண்டபத் திறப்பு விழாவில் அந்தப் பதினாறு வரியை வாசிக்கத்தான் தான் பிறந்ததாக சகலை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் வைத்து ஊதினார். மாஸ்டரின் கைக்கோல் அந்தரத்தில் நின்றது. செயலாளர் அம்மா வயலினை இறக்கிவிட்டு, வலியில் இருப்பவர் போல முகத்தைச் சுளித்தார்.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்: திறந்தேன். அதற்குள் சகலை மாஸ்டரைப் பார்த்தபடியே, "பக்கத்துல ஒருத்தர் தப்பா வாசிக்கிறாரு மாஸ்டர். எனக்குக் கவனம் சிதறுது" என்றார். நான் அப்போது வாசிக்கவே இல்லை. எனக்கு அங்கே எட்டு வரி ஓய்வு. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாஸ்டர் வழக்கம்போல மெட்டில் இரண்டு இடத்தில் கைவைத்தார். அவர் ஒவ்வொரு வாரமும் எதையாவது மாற்றுவார், நானும் ஒவ்வொரு வாரமும் எல்லோருக்கும் புதுத் தாள் கொடுத்து, பழையதை வாங்கிக் கிழித்துவிடுவேன். இது என்றைக்கும் உள்ள வழக்கம். குமாஸ்தா திரும்பவும் கேட்டது: "உங்கள் குழுவில் ஏ வகைக் கிளாரினெட் இருப்பதாகத் தெரியவில்லை. மாற்றிவிடட்டுமா?" நான் யோசித்தேன். ஒரு வாரம் போகட்டுமே என்று தோன்றியது. வேண்டாம் என்றேன். தாளின் இடது மூலையில் பொடி எழுத்தில் வாத்தியத்தின் வகை அச்சாகும். அதை எடுத்துவிடச் சொன்னேன். "தலைப்பு இல்லாவிட்டால் வாசிப்பவர் குழம்பக்கூடும்" என்றது. "அவர் குழம்புகிற ஆள் இல்லை" என்று எழுதினேன். மாஸ்டர் கையில் இருக்கும் தாளில் எல்லா வாத்தியமும் காதில் கேட்கிற சுருதியிலேயே எழுதியிருக்கும் என்பதால் அதில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரே ஒருமுறை மாஸ்டர் சகலையின் தாளைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு, "என்கிட்ட ஒரு நகல் இருக்கு மாஸ்டர்" என்று சரியான தாளை நீட்டினேன். நகல் வைத்திருப்பது என் கடமை.

சகலை என்னை ஒரு வாரம் சந்தேகப்பட்டார். பிறகு வாத்தியத்தைச் சந்தேகப்பட்டார். ஊதும் இடத்தில் வைக்கும் ரீடை மாற்றினார். ஒரு டஜன் வாங்கி ஒவ்வொன்றாக மாற்றினார். வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனார். அவர் ஊதிப் பார்த்துவிட்டு, வாத்தியம் ராஜா மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். நாலாவது வாரம் காதைச் சந்தேகப்பட்டார். காது டாக்டர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து அரை மணி நேரம் சோதித்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு கூர்மையான காதைத் தான் பார்த்ததில்லை என்று சான்றிதழே கொடுத்தாராம். அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் சகலை முதல்முறையாகப் பயந்தார். வாத்தியம் சரி, காது சரி என்றால் கோளாறு தனக்குள்தான் எங்கேயோ இருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிட்டார். தாளை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. முத்திரை வைத்த தராசை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதை என் வேலையில் நான் தினமும் பார்க்கிறேன்.

ஆள் பாதியாகிவிட்டார். கடையில் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, உதவிக்கு இருக்கும் பெண்ணிடம், "இதுல அரை மாத்திரைன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்கிறாராம். வீட்டில் கதவு மணி அடித்தால், "மணிதானே அடிச்சுது?" என்று தன் மனைவியிடம் கேட்கிறாராம். என் மனைவி இதைச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். சொல்லப்போனால் அந்த நாட்களில் நான் அவரைப் பற்றி நினைத்த அளவு வேறு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆறாவது வாரம் ஒரு மாலை ஐந்து மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தது அதுவே முதல்முறை. கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"மாஸ்டர் அந்தத் தனி வாசிப்பை உனக்குக் குடுத்துடலாமான்னு கேக்கறாரு."

"எனக்கா? எனக்கு எதுக்கண்ணே. அது உங்களுது."

"என்னால வாசிக்க முடியாம போச்சுன்னா நான் கிளாரினெட்டையே தொடமாட்டேன். அதை மட்டும் சொல்லிட்டேன்." பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடினார். "என் காதை எனக்கு நம்ப முடியலை. நீ கூட உக்காந்து, எங்க தப்பாகுதுன்னு சொல்றியா, சகல?"

இருபது வருடமாக அவர் என்னை "தம்பி" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் மின்விசிறி விஷயமாக. சகல என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே காலில் விழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நாளை மாலை ஐந்து மணிக்கு அவர் வரமாட்டார் அல்லவா? ஒரு மனிதர் உதவி கேட்டு வாசல் ஏறி வந்திருக்கும்போது அவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சரிண்ணே என்றேன்.

மாஸ்டர் உண்மையில் என்னைக் கேட்டபோது நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அந்தத் தனி வாசிப்பில் துளியும் ஆசை இல்லை. அந்தப் பதினாறு வரியும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது வேறு விஷயம். அவசரத்துக்கு ஆகுமே என்று கற்றுவைத்தது.

அன்று முதல் தினமும் ஐந்து மணிக்கு வந்தார். எதிரெதிரே உட்கார்ந்து வாசிப்போம். அவர் ஊதுவார், நான் துணைக்கு ஊதுவேன், இரண்டும் உரசும். நான் நிறுத்தி, "அரைக் கட்டை மேல நிக்குதுண்ணே, இறக்குங்க" என்று உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அசைப்பேன். அவர் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு இறக்குவார். மருந்துக்கடை முதலாளி, ஊரே மதிக்கிற மனிதர், என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மனைவி டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, கதவோரம் நின்று எங்கள் இருவரையும் பார்த்துப் பூரித்துப்போவாள். "அத்தான் உங்களைத் தவிர யாரையும் நம்பறதில்லையாம், அக்கா சொன்னா" என்றாள் ஒருநாள். அந்த நான்கு வாரம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

இதற்கிடையில் குமாஸ்தாவோடு பேசுவதும் பழகிவிட்டது. முதல் கிளாரினெட் வாசிப்பவர் தாளில் இருப்பதைவிட அரைக் கட்டை இறக்கி வாசிக்கப் பழகிவருகிறார் என்று அதனிடம் சொன்னேன். "மிகக் கடினமான பயிற்சி. அவருடைய விடாமுயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் தாளையே மாற்றிக் கொடுத்தால் இந்தச் சிரமம் இருக்காது. மாற்றட்டுமா?" என்றது. கடைசிவரை அது கேட்பதை நிறுத்தவில்லை. பொறுமைசாலி. குழுவில் அதன் மேல் பழி போடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்தாவது வாரம் நடந்ததை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். சகலை அந்தப் பதினாறு வரியையும் வாசித்தார். தாளில் ஒன்று எழுதியிருக்க, கண் அதைப் பார்க்க, விரல் ஒவ்வொரு சுரத்தையும் அரைக் கட்டை இறக்கி எடுக்க வேண்டும். அதுவும் அந்த வேகத்தில். பத்துப் பிறவி எடுத்தாலும் அது என்னால் ஆகாது. ஒரு சுரம் பிசகவில்லை. முன்பெல்லாம் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதுபோல வாசிப்பார். அன்றைக்கு ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுத் தொட்டு, பயந்து பயந்து, அதனாலேயே உயிரோடு வாசித்தார். செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாஸ்டர் கைக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். இருபது வருடத்தில் மாஸ்டர் கைதட்டி நான் பார்த்ததில்லை.

சகலை எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "எல்லாம் நீதான் சகல" என்றார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சூழ்ந்துகொண்டதில் என்னை இரண்டடி தள்ளிவிட்டார்கள். யாரோ என்னிடம், கொஞ்சம் ஜன்னலைத் திறக்க முடியுமா என்று கேட்டார்கள். போய்த் திறந்தேன்.

ஜன்னலோரம் நிற்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், ஒளிப்பானேன். நான் வெட்டிய குழியில் விழுந்தவர், அதற்குள்ளேயே படிக்கட்டுக் கட்டி ஏறி வந்துவிட்டார். இனி நாளை ஐந்து மணிக்கு அவர் எதற்காக என் வீட்டுக்கு வர வேண்டும் என்று யோசித்தேன். காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. பத்து வாரமாக ஒரு நல்ல மனிதருக்குத் தப்பான தாளைக் கொடுத்துவிட்டோம், கச்சேரி நாளிலாவது சரியான தாளைக் கொடுத்துப் பரிகாரம் தேடிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். இந்த உறுத்தல் ஏன் முன்பே வரவில்லை என்று கேட்காதீர்கள். உறுத்தல் நாள் பார்த்து வருவதில்லை. குமாஸ்தாவைத் திறந்து, முதல் கிளாரினெட்டை பி ஃபிளாட் வகைக்கு மாற்றச் சொன்னேன். அது சந்தோஷப்படும் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டது. கூடவே ஒன்று கேட்டது: "வாசிப்பவர் இப்போது எல்லாச் சுரங்களையும் அரைக் கட்டை இறக்கி வாசிக்கப் பழகியிருப்பதாகச் சொன்னீர்கள். தாள் சரியாகிவிட்டது, இனி இறக்கத் தேவையில்லை என்பதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா?"

சொல்லிவிட்டேன் என்று எழுதினேன்.

அவசரத்தில் எழுதியது. டீ ஆறிக்கொண்டிருந்தது.

மண்டபம் எள் போட்டால் எள் விழாதபடி நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் சகலையின் மனைவியும் என் மனைவியும், நடுவில் மாமியார். திரைக்குப் பின்னால் நான் புதுத் தாளைக் கொடுத்தேன். சகலை அதைப் பார்த்தார். இவ்வளவு காலமும் தாளைப் பார்த்து எதுவும் கேட்காதவர், அன்றைக்குக் கேட்டார்.

"என்ன சகல, ஆரம்பத்துலயே வேற மாதிரி இருக்கே?"

"மாஸ்டர் கொஞ்சம் கைவச்சிருக்காரு. நீங்க கண்டுக்காதீங்க. பழகின மாதிரியே வாசிங்க" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு நடந்தது உங்கள் கண் முன்னால் நடந்தது. சரியான தாளை வைத்துக்கொண்டு, நான் கற்றுக்கொடுத்தபடி ஒவ்வொரு சுரத்தையும் அரைக் கட்டை இறக்கி, தெளிவாக, தைரியமாக, நான்கு வரி வாசித்தார். சபையில் சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஐந்தாவது வரியில் சகலை, இருபது வருடத்தில் முதல்முறையாக, மேடையில் என் பக்கம் தலையைத் திருப்பினார். என்ன செய்வது என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். எனக்கு உதவ வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பழக்கதோஷம், உள்ளங்கை தானாகக் கீழ்நோக்கி அசைந்துவிட்டது. அவர் நம்பி இன்னொரு அரைக் கட்டை இறக்கினார். அதோடு வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். உதடு நடுங்கியது எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மிச்சம் பதினோரு வரியை நான் வாசித்தேன். யாராவது வாசிக்கத்தானே வேண்டும். எழுந்து நின்றது எனக்கு நினைவில்லை, புகைப்படத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. நிலைமையைச் சமாளித்த மாவீரன் என்று தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார். அதற்கு நன்றி. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாளா எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க மாப்ளே" என்றார்.

ஆக, அன்றைய தாளில் பிழை இல்லை. செயலாளர் அம்மா கணக்கு டீச்சர். குமாஸ்தாவில் எல்லாக் கேள்வி பதிலும் தேதியோடு பதிவாகியிருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளலாம். அதில் நான் எழுதியவற்றில் பொய் என்று இருப்பது அந்த ஒரே ஒரு "சொல்லிவிட்டேன்" மட்டும்தான். சரியான தாளைக் கொடுத்தால் அவர் விழுவார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு நூறு தராசு பார்க்கிறவன் நான். ஒரு பக்கம் கூட்டி வைத்துப் பழகிய கையிடம் சரியான தராசைக் கொடுத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமலா இருக்கும்? தெரியும். நான் பரிகாரத்தைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

என்னைக் குழுவிலிருந்து நீக்குவதானால் நீக்குங்கள். அடுத்த கச்சேரியில் தனி வாசிப்பு எனக்கென்று மாஸ்டர் சொல்லியிருப்பதால், அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்துவிட்டு நீக்கினால் உங்களுக்குத்தான் நல்லது. சகலைக்கு மட்டும் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது எனக்காக அல்ல. அவர் கிளாரினெட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆனாலும் தினமும் ஐந்து மணிக்கு வருகிறார். வாசிப்பதில்லை. சும்மா உட்கார்ந்து, கடையில் இன்று கொடுத்த மருந்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, சரிதானா என்று கேட்பார். நான் சரி என்பேன். அப்புறம்தான் அவருக்கு டீ இறங்கும்.

நீங்கள் இதையெல்லாம் மீறிக் கடிதத்தைக் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. அவர் அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வருவார், இதில் எழுதியிருப்பது உண்மையா சகல என்று கேட்பார். நான் இல்லை என்று சொன்னால் நிம்மதியாகப் போய்விடுவார்.